வெறுங்கையோடு போய்ப் பார்த்த ஊர்

ரீத்தா, நீயும் உன் தம்பி சேவியரும், உங்களோடு கவுண்டரில் புதிதாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். டிக்கெட் போடுவது, விண்ணப்பப் பாரம் நிரப்புவது எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. போன வாரம் கடைக்கு வந்திருந்தபோது ஒரு விஷயத்தைப் பார்த்தேன். ஒரு அம்மா கவுண்டருக்கு முன்னால் நின்று, "அந்த நாடு எப்படிப்பா இருக்கும்? குடும்பத்தோட போயிரலாமா?" என்று கேட்டார். சேவியர் பளபளப்பான படப் புத்தகம் ஒன்றை எடுத்து அவர் முன்னால் விரித்து வைத்தான். தப்பில்லை. அந்த வயதில் நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் அந்த அம்மா படத்தைப் பார்க்கவே இல்லை, மகனே. உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு குடும்பம் வந்து போனதில் நானாகத் தெரிந்துகொண்டேன். அதைத்தான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. எங்கள் கடை ஈப்போ ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. பாதி கப்பல் டிக்கெட், பாதி விமான டிக்கெட். மரப்படி ஏறி வர வேண்டும். ஏறி வருகிறவர் யார் என்று படி முனகுவதை வைத்தே சொல்லிவிடலாம். ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்புக்கல் மலைகள். மத்தியானத்துக்கு மேல் மலைப்பக்கமிருந்து மழை நடந்து வரும். முதலில் மலை மறையும், பிறகு அதற்கு முன்னால் இருக்கிற, ஈயம் தோண்டிய குட்டைகள் மறையும், பிறகு எதிர்க் கடையின் கூரை மறையும். அப்புறம் தகரத்தின் மேல் விழுகிற சத்தத்தைத் தவிர உலகத்தில் ஒன்றும் இருக்காது. அந்த நேரத்தில் ஆள் வராது. நான் சுவரில் ஒட்டியிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு படத்தில் பனிமலை. ஒன்றில் வெள்ளைக் கப்பல். ஒன்றில் சிவப்புக் கூரை வீடுகளும் ஒரு வாய்க்காலும். அந்த வாய்க்கால் ஓரமாக எத்தனை தடவை நடந்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. உங்கள் அப்பா பினாங்கைத் தாண்டி எங்கும் போனவன் இல்லை. ஆனால் ஈரமான அந்த மத்தியானங்களில் நான் போகாத நாடு இல்லை.

வருகிறவர்களும் அப்படித்தான். டிக்கெட் வாங்க வருவதற்கு முன்பே அவர்கள் தலைக்குள் அந்த நாட்டுக்குப் போய் வீடு கட்டிக் குடியிருந்துவிட்டுத்தான் வருவார்கள். தஞ்சோங் மாலிமிலிருந்து ஒரு பெண் வந்தாள். மாதாகோயில் பாட்டுக் குழுவில் பாடுகிற பெண். நர்ஸ் படிக்க இங்கிலாந்து போகிறாள். "குளிரு தாங்குவியாம்மா?" என்று சும்மா கேட்டேன். "பழகிக்கிட்டு இருக்கேன் அங்கிள்" என்றாள். எப்படி என்றால், தெருமுனை காப்பிக் கடையில் ஐஸ் பெட்டிக்குள் தினமும் கையை விட்டுக்கொண்டு நிற்கிறாளாம். காப்பிக் கடைச் சீனக் கிழவர் அவளைக் கண்டாலே துண்டோடு ஓடிவந்து விரட்டுவாராம். எங்கள் முதலாளி கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வந்தாலும், மனதுக்குள் இவள் பிழைத்துக்கொள்வாள் என்று தோன்றியது. அவள் நாட்டைக் கனவு கண்டாள், ஆனால் கையை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டு கனவு கண்டாள்.

முதலாளியைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல மனுஷர். எந்தக் கப்பல் என்றைக்குப் புறப்படும் என்பது அவருக்கு விரல் நுனியில் இருக்கும். ஆனால் யாருக்காவது நான் கூடுதலாக ஒரு வார்த்தை சொன்னால், ஆள் போன பிறகு மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு சொல்வார்: "தம்பி, நாம டிக்கெட்டு விக்கிறோம்லா. புத்தி விக்கல." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பல வருஷம் அதன்படியே நடந்தேன்.

அப்போதுதான் சின்னராசு வந்தார். ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால் வெட்டுகிறவர். நாற்பது வயது இருக்கலாம். கூடவே அவர் மனைவி பவுனம்மா. அவரும் பால் வெட்டுக்காரர்தான். தோட்டத்து ஆட்களுக்குக் குமாஸ்தா என்றால் கிராணி, பேனா பிடித்தவன் எல்லாம் கிராணி. என்னையும் கிராணி என்றே கூப்பிட்டார்கள்.

அவர்கள் தோட்டம் கைமாறியிருந்தது. புது முதலாளி பால்மரங்களைச் சாய்த்துவிட்டுச் எண்ணெய்க்குச் செம்பனை போடப்போகிறார். அதற்கு இத்தனை ஆள் வேண்டாம். கணக்கு முடித்துக்கொண்டு, தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். எங்கே போவது? ஈப்போவில் ஏதாவது வேலை தேடலாம், அல்லது ஊருக்கே போய்விடலாம். ஊர் என்றால் இந்தியா, சேலம் ஜில்லாவில் நாமக்கல் பக்கம் சின்னராசுவின் அப்பா பிறந்த ஊர். அந்த ஊரைச் சின்னராசு பார்த்ததே இல்லை. அவரும் பவுனம்மாவும் இங்கே லயத்தில் பிறந்தவர்கள்தான். ஆனால் பிறப்புப் பத்திரம் இல்லை. கையில் இருந்த அடையாள அட்டை சிவப்பு ஐசி. அந்தக் காலத்தில் சிவப்பு ஐசிக்காரர்கள் இங்கே இருக்கலாம், ஆனால் குடிமக்கள் இல்லை. ஒரேயடியாகக் கிளம்பிப் போய்விட்டால் பின்னால் கதவு சாத்திக்கொள்ளும். போன இடம் பிடிக்கவில்லை, திரும்பி வருகிறேன் என்று சொல்ல முடியாது. அப்படிப் போய்விட்டு நாகப்பட்டினத்துக் கரையில் நின்று அழுதவர்களைப் பற்றி நாங்கள் கேள்விப்பட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

"அதனால ஒரு தடவ போயி பாத்துட்டு வந்துடறேன்லா கிராணி" என்றார் சின்னராசு. "போகவர டிக்கெட்டு போடுங்க."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பார்க்காமலே கிளம்புகிறவர்கள்தான் அதிகம். இவர் பார்த்துவிட்டுத் தீர்மானிக்கிறார், இவர்தான் விவரமானவர் என்று நினைத்தேன்.

"எவ்ளோ சாமான் அண்ணே?"

"ஒரு ரங்குப் பெட்டி. அப்புறம் இன்னொரு ரங்குப் பெட்டி. அப்புறம் மூட்ட ரெண்டு."

பவுனம்மா பின்னாலிருந்து, "பாக்கப் போறவரா, கட பரப்பப் போறவரா?" என்றார்.

"சும்மா இரு புள்ள. வெறுங்கைய வீசிக்கிட்டா போவ முடியும்? லயம் பூரா குடுத்து விட்டுருக்குலா."

அது அப்போது நம்மவர்களிடம் மாறாத வழக்கம். ஊருக்கு ஒருவர் போகிறார் என்றால் தோட்டமே பெட்டி கட்டும். கைலி, தைலம், சவர்க்காரம், டார்ச் லைட், குடை, பால்மாவு டின். தனக்கு ஒரு குடை வாங்காதவர்கூட முகம் தெரியாத சித்தப்பாவுக்குக் குடை வாங்கி அனுப்புவார். வெறுங்கையோடு ஊர்ப் படி மிதித்தால் மலாயாவுக்கே அவமானம் என்பது போல. எங்கள் கடையில் பெட்டியைக் கட்டக் கயிறே தனியாக விற்றோம்.

போய் இரண்டு மூன்று மாதம் கழித்து அவர் திரும்பி வந்து நின்றது ஒரு மழை மத்தியானம். படி முனகவே இல்லை. மனுஷர் மிதந்து வந்தார். வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். உட்காரச் சொன்னேன். பவுனம்மா ஜன்னலோரம் நின்றுகொண்டார்.

"எப்படிண்ணே இருந்துச்சு?" என்று கேட்டதுதான் தெரியும். அவர் பேசத் தொடங்கினார், நாங்கள் வேலையை விட்டோம்.

பஸ்ஸை விட்டு இறங்கினால் ஊரே நிற்கிறதாம். வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்களாம். வேப்ப மரத்தடியைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கயிற்றுக் கட்டில் போட்டு வைத்திருந்தார்களாம். ராத்திரி அதில் படுத்தால் வானம் அப்படியே நெஞ்சின் மேல் இறங்கி வருமாம். இங்கே ரப்பர் மரத்துக்குள் பிறந்து வளர்ந்தவன் வானத்தை முழுசாக எங்கே பார்த்தேன் கிராணி என்றார். தினமும் ஒரு வீட்டில் கோழி அடித்தார்களாம். அவர் நடந்தால் பிள்ளைகள் பின்னால் நடக்குமாம். அப்பா பெயரைச் சொன்னதும் ஒரு பெரியவர் அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்தாராம். காலையில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பெரட்டுக்கு வரிசையில் நின்று பெயர் கொடுக்க வேண்டாம். வேலை வாங்குகிற மண்டோர் சத்தம் போட மாட்டான். "ஒரு செம்புத் தண்ணிகூட என்னைத் தூக்க விடல. ராஜா மாதிரி இருந்தேன்லா."

முதலாளி எப்போதும் நின்றுகொண்டே இருப்பவர். அன்றைக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வெளியே மழை. உள்ளே வேப்பம்பூ உதிர்ந்துகொண்டிருந்தது. நான் சொல்வதைக் கொஞ்சம் மிகை என்று நினைக்காதீர்கள், அந்த வாசனையை நான் முகர்ந்தேன்.

"நாலு பேருக்கும் போட்டுருங்க" என்றார் சின்னராசு. "எனக்கு, இவளுக்கு, பொட்டப் புள்ளைங்க ரெண்டு பேருக்கு. போக மட்டும்."

முதலாளி எழுந்து பினாங்குக் கப்பல் ஆபீசுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார். அந்தக் காலத்துப் போன். கடலுக்கு அடியிலிருந்து பேசுவது போல் இரையும். அந்தப் பக்கம் இருந்த சீனப் பெண் சொன்னாள், வருகிற கப்பலில் மிச்சம் இருப்பது மிகக் கொஞ்சம், நாலு வேண்டும் என்றால் இப்போதே சொல், லைன் அறுந்தால் நான் பொறுப்பில்லை என்று. லயத்தைக் காலி செய்யும் நாளும் நெருங்கிவிட்டது. அடுத்த கப்பலுக்கு நின்றால் பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டும்.

"சொல்லுலா தம்பி, நாலு" என்றார் முதலாளி.

அப்போது பவுனம்மா ஜன்னலிலிருந்து திரும்பாமலே கேட்டார்: "தண்ணி யாரு சேந்துனா?"

"எந்தத் தண்ணி?"

"உங்கள தூக்க விடாத தண்ணி."

"அங்க இருக்குற பொம்பளைங்க."

"கெணறு எவ்ளோ ஆழம்?"

சின்னராசு யோசித்தார். "எட்டிப் பாக்கலியே."

"நீங்க கோழி தின்னீங்க. அவங்க என்னா தின்னாங்க?"

"எனக்கு அப்புறந்தான் சாப்பிடுவாங்க. நான் போயி படுத்துக்குவேன்லா."

"படுத்துட்டு வானத்த பாத்துக்கிட்டு இருந்தீங்க." இப்போதுதான் திரும்பினார். கோபம் இல்லை. தூக்கத்திலிருந்து எழுப்புகிற குரல். "நீங்க ஊர பாக்கலங்க. ஊருதான் உங்கள பாத்துச்சு. ரெண்டு பொட்டியையும் உங்களையும் பாத்துச்சு. நாள பின்ன குடியிருக்கப் போனா பொட்டி இருக்காது. நாம மட்டுந்தான் இருப்போம். அந்த ஊரு எப்படி இருக்கும்னு நான் போயி பாத்துட்டு வாரேன்."

"நீயா?"

"நான்தான். வெறுங்கையோட."

சின்னராசு நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "ஏ, வெளயாடுறியா? வெறுங்கையோட என் சித்தப்பா வீட்டுக்கா? என் மானம் கப்பலேறிரும்!"

"ஏறட்டும். அதுக்கும் சேத்து டிக்கெட்டு போடுங்க கிராணி."

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் கையால் எனக்குச் சைகை காட்டினார், போனைப் பார், போனைப் பார் என்று. அந்தப் பெண் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தாள். நாலா, ஒன்றா? கேட்கிறவர் நாலு கேட்கிறார். பணம் கட்டுகிறவர் அவர். முதலாளி நாலு என்கிறார். சம்பளம் கொடுக்கிறவர் அவர். நாலு என்று சொல்லியிருந்தால் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் போன் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். "அண்ணே, நீங்க சொன்னா நாலு போடறேன். அக்கா கேட்டதுல ஒண்ணுக்கு மட்டும் பதில் சொல்லிடுங்க. அந்தக் கெணத்துல தண்ணி எங்க கெடக்குது?"

 அவர் சுவரிலிருந்த பனிமலைப் படத்தைப் பார்த்தார். அவர் கண்ணிலிருந்து அந்த வேப்ப மரம் மெல்ல மெல்ல விலகிப் போவதை நான் பார்த்தேன். பாவமாக இருந்தது. ஒரு மனுஷன் கையிலிருந்து கனவைப் பிடுங்குவது சுலபமான காரியம் இல்லை, பிள்ளைகளே. பிடுங்கக் கூடாது. அவரே கீழே வைக்கும்வரை காத்திருக்க வேண்டும். லைன் அறுந்தாலும் பரவாயில்லை.

"ஒண்ணு போடுங்க" என்றார் கடைசியில். "அவளுக்கு. போகவர."

திரும்பி நுழைவதற்கான அனுமதியை வாங்காமல் பவுனம்மாவை அனுப்பக் கூடாது என்று நான் அலைந்ததும், முதலாளி ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசாததும் இங்கே வேண்டாம். லயத்தைக் காலி செய்துவிட்டுச் சின்னராசு பிள்ளைகளோடு ஈப்போ புந்தோங்கில் ஒரு அறை பிடித்தார். அங்கே கடலை, முறுக்கு, கச்சாங் பூத்தே என்கிற கலவைக் கடலை போடுகிற வீடுகள் வரிசையாக உண்டு. ஒரு வீட்டில் கடலை வறுக்கிற வேலை கிடைத்தது. பவுனம்மா வரும்வரைதான், அப்புறம் எப்படியும் ஊருக்குப் போய்விடுவோம் என்று கடலை வறுக்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பவுனம்மா திரும்பிய அன்று எங்கள் கடையில்தான் சந்திப்பதாக ஏற்பாடு. ரயிலை விட்டு இறங்கி நடந்தே வந்தார். கறுத்து, மெலிந்து, கையில் ஒரு துணிப் பை மட்டும். பிள்ளைகள் இரண்டும் பாய்ந்து கட்டிக்கொண்டன. சின்னராசு கிட்டே போகவில்லை. தூரத்திலிருந்தே, "என்னா சொன்னாங்க?" என்று கேட்டார். மானத்தைப் பற்றித்தான் கேட்கிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது.

"மொதல்ல என்னையப் பாத்தாங்க. அப்புறம் எனக்குப் பின்னால பாத்தாங்க. பொட்டி வண்டியில வருதாக்கும்னு நெனச்சாங்க. வண்டி போயிருச்சு. அப்பவும் ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னாங்க."

"அய்யோ!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் சின்னராசு.

"கேளுங்க. ரெண்டு நாளு கட்டில் போட்டாங்க. அப்புறம் கட்டில் காணாம போச்சு. கம்பங்கூழு குடுத்தாங்க. உங்க சித்தப்பா மவன் பொஞ்சாதி, மலாயாக்காரிக்குக் களைக்கொத்து புடிக்கத் தெரியுமான்னு சிரிச்சா. குடுத்துப் பாருன்னேன். கடலக் கொல்லையில எறங்குனேன். கெணத்துல தண்ணி அடியில கெடக்குதுங்க. கயிறு கைய அறுத்துச்சு. ஒரு நாளு கொடத்த ஒடச்சிட்டேன். அவ என்னையத் திட்டுனா பாருங்க, தலமுறைய இழுத்துத் திட்டுனா. நானும் திட்டுனேன். நம்ம லயத்துப் பேச்சுல திட்டுனேன். அவளுக்குப் பாதி புரியல. என்னாடி சொன்னேன்னு கேட்டா. சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சா. அன்னைக்கு ராத்திரி எனக்குப் பக்கத்துலயே பாய போட்டுப் படுத்துக்கிட்டா."

வெளியே வெயில். மலை துவைத்துப் போட்ட மாதிரி இருந்தது.

"மழை இல்லாத ஊருங்க அது. காத்து மட்டும் இருக்கு. சாயங்காலம் களையெடுத்துட்டு வரப்புல உக்காந்தா, காத்து ரொம்ப தூரத்துலேருந்து வர்றது கண்ணுக்குத் தெரியும். மொதல்ல பனைமரம் அசையும், அப்புறம் சோளம் அசையும், அப்புறம் நம்ம தலமுடி. எனக்கு அது புடிச்சிருந்துச்சு." கணவரை நேராகப் பார்த்தார். "போலாம்ங்க. ராஜா மாதிரி இல்ல. மனுசங்க மாதிரி இருக்கலாம்."

முதலாளியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பெட்டியோடு போனவர் சொர்க்கம் என்றார். வெறுங்கையோடு போனவர் நரகம் என்று சொல்வார் என்றுதான் நான் காத்திருந்தேன். நான் நினைத்ததும் ஒரு படப் புத்தகம்தான்.

சின்னராசு முகம் விழுந்துவிட்டது. "கூழா?" என்றார். "கயிறு கைய அறுக்குமா?"

"அறுக்கும். அப்புறம் கை காச்சுப் போயிரும்."

"எனக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். பிறகு தன் கால்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "எனக்குக் கடல வறுக்கறது புடிச்சிருக்கு புள்ள."

அவர் பக்கமிருந்து அப்போதுதான் காற்று வீசியிருக்க வேண்டும். முறுக்கு எண்ணெயும் வறுத்த கடலையும் கலந்த வாசம் கடை முழுவதும் பரவியது.

"சட்டி முன்னால நின்னா நேரம் போறது தெரியலலா. மணல்ல கடல சடசடன்னு பேசும். எப்ப எடுக்கணும்னு அதுவே சொல்லும். வேல முடிஞ்சா முடிஞ்சதுதான், யாரும் சத்தம் போட மாட்டாங்க. புள்ளைங்க ஸ்கூலுக்கு நடந்தே போவுதுங்க. தண்ணி பைப்புல வருது. நானே புடிக்கிறேன், நீ கேப்பேன்னு தெரியும். பக்கத்து ரூமு பாகான் செராய் ஊருக்காரன் என்னைய மச்சான்னு கூப்புடுறான். நேத்து அவன்கூட சண்டகூட போட்டேன்."

"எதுக்கு?"

"கோழி அடைச்ச கூடைய அவன் நகத்திட்டான்."

பவுனம்மா அவரை வெகு நேரம் பார்த்தார். ஒருவர் சொல்வதில் எது விருந்து, எது வாழ்க்கை என்று அவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியும். "சரி, நானும் வந்து பாக்குறேன்" என்றார். "ரெண்டு ஊரயும் பாத்தாத்தான் ஞாயம்."

முதலாளி என் காதருகே, "இப்படியே பாத்துக்கிட்டே இருந்தா நாம எப்பலா விக்கிறது?" என்றார். ஆனால் கோபம் இல்லை. அவருக்கும் என்ன ஆகப்போகிறது என்று தெரிய வேண்டியிருந்தது. அடுத்தடுத்த வாரங்களில் பினாங்கிலிருந்து போன் வரும்போதெல்லாம், "அந்த நாலு பேரு வந்தாங்களா?" என்று அவரே என்னைக் கேட்டார்.

வந்தார்கள். கணவன் மனைவி மட்டும். சின்னராசு படியேறும்போதே பயந்துகொண்டு ஏறினார். எனக்குக் கேட்டது. அவர் ஆசை இங்கே இருந்தது. ஆனால் தான் ஒரு தடவை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே பார்க்காமல் வந்தவர் என்பதால், இந்த முறை தீர்ப்பை அவர் மனைவியிடம் விட்டிருந்தார்.

"நாலு போடவாக்கா?" என்று கேட்டேன்.

"டிக்கெட்டு வேணாம் கிராணி" என்றார் பவுனம்மா.

"புந்தோங் புடிச்சிருச்சா?"

"அந்த ஊருதான் புடிச்சிருக்கு. இப்பவும் கண்ண மூடுனா அந்தக் காத்துதான்." சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். சரியான வார்த்தையைத் தேடுகிற முகம். "அங்க போயி நான் கண்டுகிட்டது என்னான்னா, எங்க விட்டாலும் நான் இருந்துக்குவேன். இவரால ஆவாது. இவரு இந்த ஒரு எடத்துலதான் இருப்பாரு. அப்ப எங்க இருக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

அது என்னிடம் பதில் எதிர்பார்த்த கேள்வி இல்லை. முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சின்னராசுவுக்கு உயிர் வந்தது. கூடவே ரோஷமும் வந்தது. "அப்ப நான் மட்டும் ஒண்ணுக்கும் லாயக்கில்லாதவனாலா?"

"வறுக்க லாயக்கு. வாங்க, பஸ்ஸு போயிரும்."

பிள்ளைகளே, நாட்டைப் பற்றிக் கேட்பவர்களிடம் நான் அதற்கப்புறம் நாட்டைப் பற்றிச் சொன்னதே இல்லை. ஏற்கெனவே போய்ப் பார்த்துவிட்டேன் என்பவரிடம், யார் வீட்டில் தங்கினீர்கள், யார் சமைத்தது, உங்கள் துணியை யார் துவைத்தது என்று கேட்பேன். போகாதவரிடம், கூட வருகிறவர்களில் எளிதில் உடைந்துபோகிறவர் யார் என்று கேட்பேன். பதில் வரும்வரை போனைக் கையால் பொத்திக்கொண்டு இருப்பேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். போகட்டும். எல்லோருக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. அந்த இங்கிலாந்துப் பெண்ணை யாராலும் நிறுத்தியிருக்க முடியாது, நிறுத்தியிருக்கவும் கூடாது.

அன்றைக்கு அவர்கள் இறங்கிப் போன பிறகு ஜன்னலிலிருந்து பார்த்தேன். சின்னராசு முன்னால் வேகமாகப் போனார், பஸ்ஸைப் பிடிக்க. பவுனம்மாவுக்கு அவசரம் இல்லை. கடைகளின் பெயர்ப் பலகைகளை அண்ணாந்து பார்த்தார். ஒரு சீனப் பெண் வாசலில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதை நின்று பார்த்தார். வீட்டுக் கூரைகளுக்கு மேலே நிற்கும் மலையை ரொம்ப நேரம் பார்த்தார். இந்த மண்ணிலேயே பிறந்த பெண், அன்று காலைதான் கப்பலை விட்டு இறங்கியவரைப் போல, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்து போனார்.